பச்சை குத்திய வேட்பாளர்: பழைய அமெரிக்கத் தேர்தல் கார்ட்டூன்களைப் படிப்பது எப்படி?

அமெரிக்க அதிபர் தேர்தல்களின் வரலாற்றைப் புரட்டினால் கார்ட்டூன்கள் வந்துகொண்டே இருக்கும். யானை, கழுதை, கிரீடம், சவப்பெட்டி, முள்முடி என்று ஏதேதோ கண்ணில் படும். பார்த்ததும் சிரிப்பு வராது. என்ன நடக்கிறது என்றே பல சமயம் பிடிபடாது. அது பார்ப்பவரின் குறையல்ல. தேர்தல் கார்ட்டூன் என்பது அந்த வாரத்து வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு செய்தியின் மேல் ஏறி உட்கார்ந்து வேலை செய்யும் படம். அந்தச் செய்தி மறந்துபோனால் படம் ஊமையாகிவிடும். மறந்துபோனதைத் தேடி எடுத்துப் படத்துக்குள் திரும்ப வைப்பதுதான் பழைய கார்ட்டூனைப் படிக்கும் வேலை.

ஒரே ஒரு படத்தை எடுத்து அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால் மற்றவை எளிதாகும்.

ஒரு படம், ஐந்து அடுக்கு

1884 ஜூன் 4 தேதியிட்ட 'பக்' வார இதழ். அப்போது சிகாகோவில் குடியரசுக் கட்சியின் மாநாடு நடந்துகொண்டிருக்கிறது. வேட்பாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை. இதழின் நடுவே இரண்டு பக்க அகலத்துக்கு ஒரு வண்ணப்படம். கட்சிப் பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் அரைகுறை உடையோடு ஒரு மனிதர் நிற்கிறார். பக்கத்தில் இருப்பவர் அவர் மேலிருந்த துணியை உருவிவிட்டார். நிற்பவர் கையால் முகத்தை மறைக்கிறார். உடம்பெங்கும் பச்சை குத்தியிருக்கிறது: 'லஞ்சம்', 'மல்லிகன் கடிதங்கள்', 'லிட்டில் ராக் ரயில்பாதை' என்று எழுத்து எழுத்தாக. வரைந்தவர் பெர்ன்ஹார்ட் கில்லம்.

முதல் அடுக்கு, ஆள். நிற்பவர் ஜேம்ஸ் ஜி. பிளெய்ன், மெய்ன் மாநிலத்துக்காரர், பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர், வேட்பாளராக முன்னணியில் இருந்தவர். துணியை உருவுபவர் 'நியூயார்க் ட்ரிப்யூன்' ஆசிரியர் வைட்லா ரீட்; பிளெய்னின் ஆதரவாளர். எதிரி அல்ல, நண்பரே உருவுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துகள். சபாநாயகராக இருந்தபோது ஒரு ரயில் கம்பெனிக்கு உதவிவிட்டு, பிறகு அதன் பத்திரங்களை விற்றுக் கொடுத்துக் காசு பார்த்தார் என்பது பிளெய்ன் மீதான குற்றச்சாட்டு. அது தொடர்பாக அவர் எழுதிய கடிதங்கள் பாஸ்டனில் மல்லிகன் என்ற கணக்கர் மூலம் 1876இல் வெளியே வந்தன. 1884 பிரசாரத்தின்போது வெளியான இன்னொரு கடிதத்தில் 'இந்தக் கடிதத்தை எரித்துவிடவும்' என்று அவரே எழுதியிருந்தார். எட்டு ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கடிதங்கள் அவரை விடவில்லை.

மூன்றாவது, கடன் வாங்கிய கதை. பண்டைய ஏதென்ஸில் ஃபிரைனி என்ற பேரழகியின் மேல் வழக்கு வந்ததாம். தோற்றுவிடுவோம் என்று தெரிந்ததும் அவளுக்காக வாதாடியவர் சட்டென்று ஆடையை விலக்கி அவள் அழகைக் காட்ட, நீதிபதிகள் விடுவித்தார்களாம். பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1861இல் இதை வரைந்தார். கில்லம் அந்த ஓவியத்தின் அமைப்பை அப்படியே எடுத்து, ஃபிரைனி நின்ற இடத்தில் பிளெய்னை நிறுத்தினார். அங்கே துணி விலகினால் அழகு. இங்கே துணி விலகினால் ஊழல்.

நான்காவது, உருவகம். இதுதான் படத்தின் உயிர். சேற்றைப் பூசியிருந்தால் கழுவிக்கொள்ளலாம். பச்சை குத்தினால் போகாது. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் பத்து சென்ட் கட்டணக் காட்சிசாலைகளில் உடம்பெல்லாம் பச்சை குத்தியவர்களை நிறுத்தி வேடிக்கை காட்டுவது வழக்கம். வாசகர் அதை நேரில் பார்த்திருப்பார். அதிபர் ஆக வேண்டியவர் ஒரே வீச்சில் வேடிக்கைப் பொருளாகிவிட்டார்.

ஐந்தாவது, படத்தின் கீழே உள்ள வரி. 'தூய்மையும் காந்தமும் இதோ' என்ற தொனியில் ரீட் பேசுவதாக அது அமைந்திருக்கிறது. பிளெய்னின் ஆட்கள் அவரைக் 'காந்தம் போல் இழுக்கும் மனிதர்' என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புகழ்ச்சியையே எடுத்துத் திருப்பி அடித்திருக்கிறார்கள்.

இந்த ஐந்தும் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் ஏதாவது ஒரு படம் புரியவில்லை என்றால், இவற்றில் எது தெரியாமல் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் போதும். பெரும்பாலும் மூன்றாவதாக இருக்கும். பைபிள், ஈசாப் கதை, ஷேக்ஸ்பியர், புகழ்பெற்ற ஓவியங்கள், அந்தப் பருவத்து விளையாட்டு ஆகியவற்றிலிருந்துதான் அந்தக் காலத்து வரைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

இன்னொன்று: அந்த ஓர் இதழோடு 'பக்' நிறுத்தவில்லை. பிளெய்ன் ஜூன் 6 அன்று வேட்பாளர் ஆனார். அதன் பிறகு தேர்தல் வரை பச்சை குத்திய உருவம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு கார்ட்டூன் ஒரு வாரத்தில் மறக்கும். அதே அடையாளத்தைப் பல வாரம் மாட்டினால்தான் முகத்தோடு ஒட்டும்.

எப்படி அச்சிட்டார்கள் என்பது ஏன் முக்கியம்

கார்ட்டூனின் தோற்றத்தைத் தீர்மானித்ததில் வரைஞருக்கு எவ்வளவு பங்கோ, அச்சுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தேர்தல் படங்கள் பெரும்பாலும் கல்லச்சில், அதாவது லித்தோகிராஃபில், தனித்தாளாக வந்தன. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கரிக்கோலால் வரைவார்கள். கல்லை நனைத்து எண்ணெய் மையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். கொழுப்பிருக்கும் கோட்டில் மட்டும் ஒட்டும். நியூயார்க்கின் கரியர் & ஐவ்ஸ் இந்தத் தொழிலில் பெரிய கடை. அதன் படங்களில் வேட்பாளர்கள் விறைப்பாக வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் புகைபோல் ஒரு வளையம் கிளம்பி, அதற்குள் நீளநீளமாக வசனம் இருக்கும். முகங்களைப் புகைப்படம் பார்த்து அப்படியே வரைந்ததால் கேலி எல்லாம் வசனத்தில்தான். படம் என்பதைவிடத் தெருக்கூத்தின் ஒரு காட்சி என்றே சொல்லலாம்.

'ஹார்ப்பர்ஸ் வீக்லி' போன்ற வார இதழ்கள் மரச்செதுக்கை நம்பின. பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் செதுக்க வேண்டும். அந்த மரம் பருமனாக வளராது. ஆகவே சிறு கட்டைகளைப் பின்புறம் திருகாணி போட்டு இணைத்துப் பெரிய பலகையாக்குவார்கள். வரைஞர் அதன்மேல் இடவலம் மாற்றி வரைவார். பிறகு கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகச் செதுக்கக் கொடுத்து, முடிந்ததும் திரும்பச் சேர்ப்பார்கள். அவசரத்தில் சேர்த்தால் இணைப்புக் கோடு அச்சில் மெல்லிய வெள்ளைக் கீறலாகத் தெரியும். பழைய இரட்டைப் பக்கப் படங்களில் இதைத் தேடிப் பார்க்கலாம்.

வியன்னாவில் பிறந்த ஜோசப் கெப்ளர் நடத்திய 'பக்' 1876இல் ஜெர்மன் மொழியிலும் 1877இல் ஆங்கிலத்திலும் தொடங்கியது. கல்லச்சில் வண்ணம் சேர்த்து முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் மூன்றையும் கார்ட்டூனுக்கே ஒதுக்கியது. பச்சை குத்திய உடம்பை எழுத்து தெரிய வண்ணத்தில் காட்ட முடிந்தது அதனால்தான்.

நாஸ்ட் என்ற ஒற்றை ஆள்

தாமஸ் நாஸ்ட் 1840இல் ஜெர்மனியின் லாண்டாவில் பிறந்து, சிறுவயதில் நியூயார்க் வந்தவர். நீண்ட வசனத்தை வெட்டியெறிந்து, படத்தையே பேசவைத்தவர் என்று இவரைச் சொல்லலாம்.

1864 செப்டம்பர் 3 தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் அவர் வரைந்த 'தெற்கோடு சமரசம்' உள்நாட்டுப் போரின் நடுவே வந்த தேர்தலுக்கானது. ஒரு காலை இழந்து ஊன்றுகோலில் நிற்கும் வடக்கத்திச் சிப்பாய், தெற்கத்தியோடு தலை குனிந்து கைகுலுக்குகிறான். தெற்கத்தி மிடுக்காக நிமிர்ந்து, ஒரு காலைக் கல்லறை மேல் வைத்திருக்கிறான். 'வீணான போரில் மாண்ட வீரர்களுக்கு' என்கிறது கல்லறை வாசகம். கொலம்பியா என்ற நாட்டுத் தாய் மண்டியிட்டு அழுகிறாள். சமாதானம் பேசிய ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டுக்கு இதைக் 'காணிக்கை' ஆக்கியிருந்தார். லிங்கனின் தரப்பு இதைப் பிரதி எடுத்துப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது.

1872இல் அப்போதைய அதிபர், குடியரசுக் கட்சியின் கிராண்டை எதிர்த்து ஹொரஸ் கிரீலி நின்றார். கிரீலி 'ட்ரிப்யூன்' பத்திரிகையை நிறுவியவர். முப்பது ஆண்டுகளாக எல்லாவற்றைப் பற்றியும் எழுதித் தள்ளியவர். கார்ட்டூனிஸ்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் எழுதியதையே அவர் விழுங்குவதாக நாஸ்ட் வரைந்தார். வடக்கும் தெற்கும் 'ரத்தப் பிளவுக்கு மேலாகக் கைகோக்க' வேண்டும் என்று கிரீலி வேட்பாளர் ஏற்புக் கடிதத்தில் எழுதியிருந்தார். நாஸ்ட் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். ஒரு படத்தில், லிங்கனின் கல்லறைக்கு மேலாக, அவரைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தோடு கிரீலி கைகோக்கிறார்.

துணை அதிபர் வேட்பாளர் கிராட்ஸ் பிரவுனின் புகைப்படம் நாஸ்டிடம் இல்லை. முகம் தெரியாமல் எப்படி வரைவது? கிரீலியின் கோட்டில் தொங்கும் ஒரு சீட்டில் பிரவுனின் பெயரை எழுதி விட்டார். படத்துக்குப் படம் அந்தச் சீட்டு வந்தது. துணை வேட்பாளர் வெறும் ஒட்டுச்சீட்டுதான் என்ற பொருளும் தானாகவே வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் 'ஃபிராங்க் லெஸ்லி' இதழுக்காக மேட் மார்கன் கிராண்டைக் குடிகாரராக வரைந்துகொண்டிருந்தார். கூர்மையில் நாஸ்டை நெருங்கவில்லை. கிரீலி தோற்றார். தேர்தலுக்குச் சில நாள் முன்பு மனைவியை இழந்தவர், நவம்பர் 29 அன்று தானும் இறந்தார். கார்ட்டூன்தான் கொன்றது என்று எழுதுபவர்கள் உண்டு, அது மிகை.

யானையும் கழுதையும்: எல்லோரும் தப்பாகச் சொல்லும் கதை

1828 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஆண்ட்ரூ ஜாக்சனை எதிரிகள் கழுதை என்றார்கள். 1837 கல்லச்சுப் படம் ஒன்றில் கழுதை வந்துவிட்டது. யானையைக் குடியரசுக் கட்சிக்கு நிலைநாட்டியது 1874 நவம்பர் 7 தேதியிட்ட 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் நாஸ்ட் வரைந்த 'மூன்றாம் முறைப் பீதி'. கிராண்ட் மூன்றாம் முறையும் நிற்பார், சீசராகிவிடுவார் என்று 'நியூயார்க் ஹெரால்ட்' கூச்சலிட்டுக்கொண்டிருந்த நேரம்.

இந்தப் படத்தைக் காட்டி 'கழுதை ஜனநாயகக் கட்சி, யானை குடியரசுக் கட்சி' என்று விளக்குவது வழக்கம். பாதி தவறு. சிங்கத்தோல் போர்த்திய அந்தக் கழுதை 'ஹெரால்ட்' பத்திரிகை. அது காட்டு மிருகங்களை மிரட்டுகிறது, ஈசாப் கதை. மிரண்டு குழிப்பக்கம் ஓடும் யானைமேல் 'குடியரசுக் கட்சி வாக்கு' என்று எழுதியிருக்கிறது. கட்சி அல்ல, அதன் வாக்காளர்கள். ஜனநாயகக் கட்சி குழி ஓரத்தில் நரியாக நிற்கிறது.

இன்னொரு கதையும் சுற்றுகிறது: சென்ட்ரல் பார்க் மிருகங்கள் தப்பிவிட்டன என்று 'ஹெரால்ட்' வெளியிட்ட புரளிச் செய்தியைப் பார்த்துத்தான் நாஸ்ட் வரைந்தார் என்று. புரளி வந்தது நவம்பர் 9. படத்தின் தேதி 7. அதோடு அந்தக் கால வார இதழ்கள் அட்டைத் தேதிக்குச் சில நாள் முன்பே கடைக்கு வந்துவிடும். எனவே அந்த விளக்கம் நிற்காது. தேதியைப் பார்க்காமல் கார்ட்டூனை விளக்கப் போனால் இப்படித்தான் ஆகும்.

கார்ட்டூன் தேர்தலை ஜெயிக்குமா?

1884க்கே திரும்புவோம். அக்டோபர் 29 இரவு நியூயார்க்கின் டெல்மானிக்கோ உணவகத்தில் பெரும் பணக்காரர்கள் பிளெய்னுக்கு விருந்து வைத்தார்கள். மறுநாள் புலிட்சரின் 'வேர்ல்ட்' நாளிதழ் முதல் பக்கத்தின் அகலம் முழுவதும் வால்ட் மக்டூகல் வரைந்த 'பெல்ஷாசார் பிளெய்னின் அரச விருந்து' படத்தைப் போட்டது. சுவரில் தோன்றிய எழுத்தைக் கண்டு நடுங்கிய பைபிள் மன்னன் பெல்ஷாசார். மேசையில் 'ஏகபோக சூப்', 'லாபி புட்டிங்', ரயில் முதலாளி ஜே கூல்டின் பெயரில் ஒரு 'பை' பலகாரம். முன்னால் ஒரு ஏழைக் குடும்பம் கையேந்தி நிற்கிறது. ஜனநாயகக் கட்சியினர் இதைப் பெரிதாக்கி விளம்பரத் தட்டிகளாக வைத்தார்கள். நவம்பர் 4 தேர்தலில் பிளெய்ன் நியூயார்க் மாநிலத்தை ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் இழந்தார். மாநில வாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டோரல் வாக்கு 219க்கு 182; நியூயார்க்கின் 36 மாறியிருந்தால் அதிபர் அவர்தான்.

ஆகவே படம்தான் தோற்கடித்தது என்று முடித்துவிடலாம்போலத் தோன்றும். ஆனால் அதே அக்டோபர் 29 காலையில் ஒரு பாதிரியார் பிளெய்னின் முன்னிலையில், ஜனநாயகக் கட்சியைச் சாராயத்தோடும் கத்தோலிக்கத்தோடும் கலகத்தோடும் சேர்த்துப் பேசி, ஐரிஷ் கத்தோலிக்கர்களைச் சீண்டிவிட்டிருந்தார். மதுவிலக்குக் கட்சி அந்த மாநிலத்தில் சுமார் 25,000 வாக்குகளைப் பிரித்தது. ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். கார்ட்டூன் வரலாறு எழுதுபவர்கள் கார்ட்டூனைச் சொல்கிறார்கள், அவ்வளவே.

பிளெய்னை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லேண்டையும் யாரும் விட்டுவைக்கவில்லை. திருமணத்துக்கு வெளியே அவருக்குக் குழந்தை உண்டு என்ற செய்தியை வைத்து 'ஜட்ஜ்' இதழில் ஃபிராங்க் பேர்ட் வரைந்த படத்தில் குழந்தை 'எனக்கு அப்பா வேண்டும்' என்று அலறுகிறது. கிளீவ்லேண்ட் ஜெயித்தார்.

ஜெயிக்காத கார்ட்டூன்களின் பட்டியல் நீளம். 1828இல் ஜாக்சன் மரண தண்டனை கொடுத்த ஆறு படைவீரர்களின் சவப்பெட்டிகளைக் கறுப்புக் கறுப்பாக அச்சிட்ட துண்டறிக்கையைப் பிலடெல்பியாவில் ஜான் பின்ஸ் வெளியிட்டார். ஜாக்சன் 178க்கு 83 என்று வென்றார். 1896இல் ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' நாளிதழில் ஹோமர் டேவன்போர்ட், குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லியின் பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னாவை டாலர் குறி பதித்த கோட்டுப் போட்ட பருத்த முதலாளியாக வரைந்தார். இன்றுவரை நினைவில் நிற்கும் உருவம் அது. மெக்கின்லி 271க்கு 176 என்று வென்றார். வெற்றி பெற்றவரின் பணப்பையைத்தான் அந்தப் படம் மறக்கவிடாமல் செய்தது, வாக்கை மாற்றவில்லை.

எதைச் செய்யும் என்றால், ஏற்கெனவே சந்தேகப்படுபவருக்கு ஒரு உருவத்தைக் கையில் கொடுக்கும். 1888இல் பெஞ்சமின் ஹாரிசன், தாத்தாவும் அதிபராக இருந்தவர் என்ற பெருமையோடு நின்றார். கெப்ளர் அவரைத் தாத்தாவின் பெரிய தொப்பிக்குள் அமிழ்ந்த குள்ள மனிதராக்கினார். வென்ற பிறகும் தொப்பி அவரை விடவில்லை.

நீங்களே படிக்கும்போது

படத்தை முதலில் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு வாரச் செய்தி என்ன என்று தேடுங்கள். மாநாடா, ஏற்புரையா, ஊழல் செய்தியா? அடுத்து வெளியிட்டவர் யார் என்பது. 'பக்' ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது. 'ஜட்ஜ்' குடியரசுக் கட்சிப் பக்கம். 'ஹார்ப்பர்ஸ்' குடியரசுக் கட்சியை ஆதரித்தது என்றாலும் 1884இல் பிளெய்னைப் பிடிக்காமல், நாஸ்டோடு சேர்ந்து கிளீவ்லேண்ட் பக்கம் போனது. ஆக, இதழின் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. கரியர் & ஐவ்ஸ் கடைக்குக் கொள்கையே கிடையாது; இரு தரப்புக்கும் விற்றது.

பிறகு எழுத்துகளை எல்லாம் படியுங்கள்: உடையில், தாளில், பெட்டியில், சுவரில் இருப்பவை. அதன் பிறகுதான் முகங்கள். தெரியாத முகம் இருந்தால், அதே மாதத்துப் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். ஆண்டு மாறினால் தாடி மாறியிருக்கும்.

இதைச் செய்து பார்க்க 1860இல் கரியர் & ஐவ்ஸ் வெளியிட்ட 'தேசிய விளையாட்டு' நல்ல படம். நான்கு வேட்பாளர்களும் பேஸ்பால் ஆடுகிறார்கள். லிங்கனின் மட்டை ஒரு வேலிக்கட்டை, ஏனென்றால் இளமையில் கட்டை பிளந்தவர் என்பது அவருடைய பிரசார அடையாளம். கட்டையில் 'சம உரிமையும் சுதந்திர நிலமும்' என்றும், எதிர் வேட்பாளர் பிரெக்கின்ரிட்ஜின் மட்டையில் 'அடிமைமுறை விரிவு' என்றும் எழுதியிருக்கிறது. முன்னால் ஒரு ஸ்கங்க், நாற்றமடிக்கும் சிறு விலங்கு. ஒரு ஓட்டம்கூட எடுக்காமல் தோற்பதற்கு அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் அதன் பெயரைச் சொல்வார்கள். பிரெக்கின்ரிட்ஜ் மூக்கைப் பிடித்துக்கொள்வது அதனால்.

அதே ஆண்டு அதே கடை வெளியிட்ட 'கட்டை வேட்பாளர்' படத்தையும் அடுத்து வைத்துப் பாருங்கள். இதில் லிங்கன் அதே வேலிக்கட்டைமேல் வேதனையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு முனையைக் கறுப்பர் ஒருவரும் மறுமுனையைக் கிரீலியும் தூக்கிப் போகிறார்கள். கட்டை என்பது கட்சியின் கொள்கை அறிக்கை. ஒரே அடையாளம் முதல் படத்தில் புகழ், இரண்டாவதில் வசை. கறுப்பர் வரையப்பட்டிருக்கும் விதம் இன்று பார்க்கவே கூசும். அடிமைமுறையை எதிர்ப்பவரைக் கறுப்பரோடு சேர்த்துக் காட்டினாலே வாக்காளர் வெறுப்பார் என்ற கணக்கில் வரைந்த படம் அது. இதைக் கழித்துவிட்டு 'பழைய நகைச்சுவை' என்று ரசிக்க முடியாது. அந்த வெறுப்புதான் படத்தின் எந்திரம். கறுப்பர் வாக்குரிமைக்காக 1868இல் வலுவாக வரைந்த நாஸ்டேகூட ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடுதான் வரைந்தார்.

இணையத்தில் இந்தப் படங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றுகிற பிரதிகள் பெரும்பாலும் ஓரம் வெட்டப்பட்டவை. கீழ்வரியும் தேதியும் போயிருக்கும். வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்ற நூலகத்தின் வலைத்தளத்தில் இவற்றில் பலவற்றின் முழுத்தாளும் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. பச்சை குத்தியவரின் தோளில் உள்ள எழுத்தைக்கூட அதில் பெரிதாக்கிப் படிக்கலாம்.